மணி நாக்கைத் திருடியவள்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தான். எங்கள் பழைய கிறிஸ்தவ சபையின் ஆண்டுவிழா மலருக்குப் பக்கங்கள் சேர்க்கிறார்களாம். "அக்கா, வாலிபர் பத்திரிகைல நீங்க எழுதின துப்பறியும் கதை, ஜெராக்ஸ் கெடச்சுது. அதயே போட்டுக்கவா? நல்ல மெசேஜ் கீதுக்கா அதுல" என்றான். போனை வைத்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது, அவன்மேல் கோபித்துப் பயனில்லை என்று தெரியும். ஆனாலும் அன்று முழுக்க என் வீட்டுப் பாத்திரங்கள் நன்றாக அடிவாங்கின.

அது இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில். வல்லம் வடகாலுக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். வயல்களில் பாதியைக் கம்பெனிகள் வாங்கி வேலிக் கம்பி போட்டுவிட்டன. மாட்டுக்கொட்டகை வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதை இடித்து வரிசையாக ரூம் கட்டி, கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். சபைக்கு ஒரு வாலிபர் பத்திரிகை உண்டு. பத்திரிகை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், ஜெராக்ஸ் எடுத்து நடுவில் பின் அடித்த எட்டுப் பக்கம். கைக்கு வரும்போது இன்னும் சூடாக இருக்கும், அந்த மை வாசனைக்காகவே முகத்தில் ஒற்றிக்கொள்வேன்.

எனக்குப் பதினாறு வயது. சண்டே ஸ்கூல் பீரோவில் இருந்த துப்பறியும் கதைகளைக் கரைத்துக் குடித்திருந்தேன். அவற்றில் கொலை கிடையாது, காதல் அறவே கிடையாது. ஏதாவது காணாமல் போகும், பிள்ளைகள் ஜெபம் செய்து கண்டுபிடிப்பார்கள், திருடன் முழங்கால் போட்டு மனந்திரும்புவான். அதே அச்சில் நானும் ஒரு கதை எழுதினேன். ஒரு ஞாயிறு காலை ஆலய மணி அடிக்கவில்லை, ஏறிப் பார்த்தால் உள்ளே தொங்கும் நாக்கை யாரோ கழற்றிப் போயிருக்கிறார்கள். கண்டுபிடிக்கிற பெண்ணுக்கு என் உயரத்தோடு இரண்டு அங்குலம் கூட்டிப் போட்டேன், நிறத்தையும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். அவள் பைபிளைத் திறந்தால் துப்பு வந்து விழும். நான் திறந்தால் வம்ச வரலாறுதான் வரும்.

உண்மையில் துப்பு எல்லாம் கொடுத்தது ஜெபா. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், என்னைவிட மூன்று வயது பெரியவள். இருங்காட்டுக்கோட்டையில் காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை, எங்கள் தெருக்கோடி ரூமில் இன்னும் மூன்று பேரோடு குடியிருந்தாள். அவள் விரல்களில் எப்போதும் டேப் பசை வாசனை இருக்கும். கம்பெனிப் பெண்கள் ரூமுக்குப் போகக்கூடாது என்பது எங்கள் அம்மாவின் கட்டளை, பத்துக் கட்டளைக்கு அடுத்த பதினோராவது. பைபிள் வசனப் போட்டிக்குப் படிக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் போவேன். மணி நாக்கை எடுத்தது ஒரு சபை மூப்பர் என்று முதலில் வைத்திருந்தேன். ஏன் எடுத்தார் என்பதற்குக் காரணம் சொன்னவளும் ஜெபாதான். "அவரு வீட்டம்மா சாவக் கெடக்காங்க. மணிச் சத்தத்துல தூக்கம் போவுது. அதான் கழட்டிட்டாருன்னு வையி. திருடுறதுக்கும் ஒரு காரணம் வேணும்லா."

பத்திரிகைக்குப் பொறுப்பான சபை செக்ரட்டரி அங்கிள் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "இன்னாம்மா இது, மூப்பரே திருடறாரா? வெளியாளா வை. கம்பெனில வேல செய்ற பொண்ணு ஒண்ணு, பழைய இரும்புக்குப் போட்டுச்சுன்னு வை. கடைசில மன்னிப்பு கேட்டுரட்டும்." கதை அச்சில் வரவேண்டுமே என்ற ஆசை எனக்கு. மாற்றினேன். எனக்குத் தெரிந்த வெளியாள் ஒருத்திதான். ஜெபாவின் நீல சாப்பாட்டுப் பையை அந்தத் திருடி தோளில் மாட்டினேன், அவள் பேச்சில் ஜெபாவின் 'லா' இரண்டு போட்டேன். கேவலம், அதை எழுதும்போது எனக்கு என் திறமையை நினைத்துப் பெருமையாக வேறு இருந்தது.

பத்திரிகை வந்ததும் ஜெபாவே படித்தாள். கோபப்படவில்லை. "நல்லாத்தான் இருக்கு. ஆனா அவ எதுக்கு எடுத்தான்னு நீ எழுதலியேட்டி?" என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு நான் சிரித்து மழுப்பினேன்.

அடுத்த மாதம் சபையின் புதுக் கார்ட்லெஸ் மைக் காணாமல் போனது. சனிக்கிழமை மூன்று மணிக்கு இருந்தது, ஆறு மணிக்கு இல்லை. அன்று சர்ச் கூட்டும் முறை ஜெபாவுடையது. மூன்று மணிக்குக் கூட்டி முடித்து, சாவியை செக்ரட்டரி வீட்டில் கொடுத்துவிட்டு ரூமுக்கு வந்துவிட்டாள். அங்கே வாசலில் அவளுக்காகக் காத்திருந்தவள் நான். ஆறரை வரை அவளோடுதான் உட்கார்ந்து புதுக் கதைக்கு யோசனை கேட்டுக்கொண்டிருந்தேன். ரூமில் மற்ற மூவரும் கம்பெனியில் ஓவர்டைம் பார்க்கப் போயிருந்தார்கள்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சர்ச்சின் பின்பக்கம் அவளை நிறுத்தி விசாரித்தார்கள். அவளுக்கு ரூம் விட்டிருந்த ஆன்ட்டிதான் முதலில் வாய் திறந்தார்: "கதையிலயே எழுதிகீது பாரு! அந்தப் புள்ள சும்மாவா எழுதும்?" எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "கதைதான் ஆன்ட்டி" என்றேன். அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"மூணுலேர்ந்து ஆறு வரிக்கும் எங்க இருந்தே?" என்றார் செக்ரட்டரி.

"ரூம்லதான் சார்."

"கூட யாரு?"

நான் அம்மாவை ஒட்டி நின்றிருந்தேன். என் கதையில் வருகிறவளாக இருந்தால் இந்த இடத்தில் முன்னால் வந்து, விரலை நீட்டி, நேரத்தைச் சொல்லி அவர்கள் வாயை அடைத்திருப்பாள். நானோ அம்மாவின் புடவை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய் சொல்லி அங்கே போனது தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள் என்ற ஒரே பயம். ஜெபா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு செக்ரட்டரியிடம், "யாருமில்ல சார். தனியாத்தான் இருந்தேன்" என்றாள்.

மறுநாளே ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஒரு பெட்டி, ஒரு பாய், அந்த நீலப் பை. பஸ் ஸ்டாப் வரைக்கும் என்னால் போயிருக்க முடியும். ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து மைக் வந்தது. செக்ரட்டரியின் மகன் நண்பனின் ரிசப்ஷனுக்கு எடுத்துப் போய் அங்கேயே வைத்துவிட்டானாம். பலிபீடத்துக்கு முன்னால் நின்று, "கர்த்தர் நம்முடைய மைக்கை மீட்டுக் கொடுத்தார்" என்று அறிவித்தார் அதே செக்ரட்டரி. சபை முழுவதும் ஆமென் சொன்னது. ஜெபாவின் பெயரை ஒருவர்கூட எடுக்கவில்லை. எடுத்தவனை முழங்கால் போடச் சொன்னார்களா? அப்பன் செக்ரட்டரி ஆயிற்றே! கதையில் திருடியிடம் எத்தனை கண்ணீர் கேட்டு வாங்கினார்கள். அந்த ஆமெனில் என் குரலும் இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையும் ஒரு பொய்யாகிவிடும்.

பிறகு விசாரித்தேன், மிகவும் தாமதமாக. அவள் வேலை பார்த்த கம்பெனியில், நின்று போன கான்ட்ராக்ட் பெண்களின் விலாசம் எல்லாம் வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். ஊர்ப் பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. தூத்துக்குடிப் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? பத்திரிகை நின்றது. செக்ரட்டரி போய்ச் சேர்ந்துவிட்டார். ரூம் விட்ட ஆன்ட்டி இடத்தை விற்றுவிட்டு மகளோடு எங்கேயோ போய்விட்டார். அம்மாவும் இல்லை. அந்த ரூம் வரிசை இருந்த இடம் இப்போது கன்டெய்னர் லாரி நிறுத்தும் மைதானம். அன்று அவளை நிறுத்தி விசாரித்தவர்களில் ஒருவராவது இங்கே மிச்சம் இருந்தால் தேடிப்போய்ச் சொல்வேன், அவள் தனியாக இல்லை, கூட நான் இருந்தேன் என்று.