மான் தோட்டா

கோடியாக் தீவின் ஆற்றோரத்தில் சால்மன் மீனைப் புகைபோட்டு விற்பவள் மாட்ரோனா. ஒரு மதியம் அவள் புகைக்கொட்டகைக்குள் மீனைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தபோது, பழுப்புக் கரடி ஒன்று வாசலுக்கே வந்துவிட்டது. கொட்டகைக்கு வேறு வாசல் கிடையாது. கதவைத் தாழிட்டு, கூடவே கொண்டுவந்திருந்த துப்பாக்கியைத் திறந்து பார்த்தாள். உள்ளே இருந்தவை மான் சுடும் லேசான தோட்டாக்கள். பட்டவுடன் சிதறிவிடும். கரடியின் தோள் எலும்பைத் துளைக்க, கனமான, உடையாத குண்டு வேண்டும். அதைச் சுட்டால் துப்பாக்கி தன் தோளில் உதைக்கிறது என்று அவளேதான் அந்தக் குண்டுகளை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

படகிலிருந்த கணவனை வாக்கி டாக்கியில் கூப்பிட்டாள்.

"நெஸ்டர், கரடி கதவை முட்டுது. சுடட்டுமா?"

"எந்தத் தோட்டா போட்டிருக்க?"

"மான் தோட்டா."

"அடிப்பாவி! சுட்டுடாத, அதுக்குக் கோவம்தான் வரும். நான் வர ஒரு மணி நேரமாகும்."

"அதுவரைக்கும் நான் அதோட என்ன கதை பேசிட்டிருக்கறது?"

புகை கண்ணைக் கரித்தது. அவள் இருமும்போதெல்லாம் கரடி முட்டியது. துணியை வாயில் கடித்துக்கொண்டாள். ஒரு பலகை பிளந்து கரிய மூக்கு உள்ளே வந்தது. விசையில் இருந்த விரலை எடுத்துவிட்டு, தொங்கிய மீன்களைப் பறித்து ஒவ்வொன்றாகப் பிளவு வழியே தள்ளினாள்.

படகுச் சத்தம் கேட்டுக் கரடி விலகியபோது மூன்று மீன்களே மிச்சம். "போயிடுச்சு, திற" என்றான் நெஸ்டர். தாழ்ப்பாளை எடுக்க அவளுக்குக் கை வரவில்லை. கடைசியில் அவன்தான் கதவைப் பெயர்த்தான்.