பருப்பு வெந்த வீடு

எங்கள் சொந்தபந்தத்தில் யாராவது வீடோ தோட்டமோ வாங்குவதென்றால் முதலில் எங்கள் வாசலில்தான் வண்டி வந்து நிற்கும். அம்மாவை அழைத்துப் போகத்தான் வண்டி. பத்திரம் படிக்கிறவரும் கயிறு பிடித்து அளக்கிறவரும் அப்புறம்தான். அம்மா பார்த்து, "வாங்கலாமுங்க" என்று சொன்ன பிறகுதான் அவர்களுக்கு வேலை. மல்லசமுத்திரத்தில் வேறு எந்தப் பெண்ணுக்கும் இந்த மரியாதை கிடையாது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் தங்கள் வீட்டு எருமை எத்தனை படி கறக்கிறது என்று பீற்றிக்கொள்ளும்போது, நான் என் அம்மாவைச் சொல்லி அவர்கள் வாயை அடைத்துவிடுவேன்.

அம்மா வீடு பார்க்கும் விதத்தை நான் வேண்டிய மட்டும் கூடவே போய்ப் பார்த்திருக்கிறேன். உள்ளே நுழைந்ததும் ஒரு செம்புத் தண்ணீரைத் தரையின் நடுவே ஊற்றுவாள். எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று பார்ப்பாள். கதவு சன்னலையெல்லாம் அடைக்கச் சொல்லிவிட்டு இருட்டில் நின்று, ஓட்டுச் சந்துகளில் எத்தனை இடத்தில் வெயில் விழுகிறது என்று எண்ணுவாள். இடுப்பில் செருகிய கொத்துச்சாவியால் சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்பாள். நிலைக்காலின் அடியில் குனிந்து முகர்ந்து பார்ப்பாள். கரையான் இருந்தால் ஈரமண் வாசம் வருமாம். கடைசியில் பருப்பு. ஒரு பிடி துவரம்பருப்பைத் துணியில் முடிந்து கொண்டுபோய், அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீரிலேயே வேகவைப்பாள். பருப்பு குழைந்தால் நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீரில் அது எத்தனை விறகு எரித்தாலும் விதைவிதையாகவே நிற்கும். அப்படி நின்றால் அரண்மனையே ஆனாலும் அம்மா சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவாள். "செவுரு ஆம்பளைங்களுக்குங்க, தண்ணி எங்களுக்குங்க" என்பாள்.

ராசிபுரத்துச் சித்தப்பா ஒருவர் அம்மா வேண்டாமென்று சொன்ன வீட்டை வீம்புக்கு வாங்கினார். அடுத்த ஐப்பசியில் மேற்குச் சுவர் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அம்மாவின் பேச்சுக்கு மறுபேச்சே இல்லாமல் போயிற்று. சித்தப்பாவுக்குச் சுவர் போன வருத்தம். எனக்கு அன்றைக்குத் தீபாவளி.

எனக்குப் பத்து வயது நடந்தபோது, எங்களுக்கே வீடு பார்க்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துபோகும். அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் சேலம் போக வேண்டும். அப்பாவுக்குச் சேலத்தில் ஒரு கடலை மண்டியில் பங்கு இருந்தது. வாரத்தில் நான்கு நாள் அங்கேதான் இருப்பார். ஆகவே டவுனில் வீடு வாங்கிக் குடிபோகலாம் என்று அம்மா மெல்லப் பேச்செடுத்தாள். அப்பா சரியென்றார். ஆனால் எங்கள் வீட்டில் அப்பா சரியென்றால் பாதிதான் சரி. மீதிப் பாதி பெரியப்பாவிடம் இருந்தது.

பெரியப்பா கெட்டவர் இல்லை. எனக்கு ஊர்ச் சந்தையிலிருந்து பொரி வாங்காமல் அவர் வந்ததே கிடையாது. பெண்பிள்ளை ஐந்தாவதுக்கு மேல் படித்து என்ன செய்யும் என்பது மட்டும் அவருக்கு விளங்கவில்லை. அப்பா இரண்டு மாதம் கெஞ்சிய பிறகு ஒரு வாய்தா கொடுத்தார். "பள்ளிக்கூடம் தொறக்கறக்குள்ள ஒரு நல்ல ஊடு அமைஞ்சா போங்க. அமையலீன்னா புள்ளய ஊட்டோட வெச்சுக்க வேண்டியதுதான்" என்றார்.

வீடு அமைவதாக இல்லை. அஸ்தம்பட்டிப் பக்கம் நல்ல காற்றும் தண்ணீரும் உண்டு. அங்கே விலை சொன்ன மாத்திரத்தில் அப்பா மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எங்கள் கைக்கு எட்டியதெல்லாம் முன்னால் படுத்தால் பின்னால் கால் நீட்ட முடியாத வீடுகள். பள்ளிக்கூடம் திறக்க எட்டு நாள் இருக்கும்போதுதான், டவுனுக்குக் கிழக்கே தறிக்காரர்கள் நிறைந்த ஒரு பழைய தெருவில் பெரிய வீடு ஒன்று விலைக்கு வந்திருப்பதாக அப்பா சேதி கொண்டுவந்தார். பாய் ஒருவருடைய வீடு. அவர் வேலூரில் மகனோடு போய் இருக்கப் போகிறாராம். வசதியுள்ளவர்கள் எல்லாம் புதுப் பக்கம் போய்விட்டதால் அந்தத் தெருவில் பெரிய வீட்டைக் கேட்க ஆளில்லை.

யுத்த காலம். கரியில் ஓடும் பஸ்ஸில் அப்பா, பெரியப்பா, அம்மா, நான் நால்வரும் போனோம். மேட்டில் பஸ் மூச்சு வாங்கியபோதெல்லாம் ஆண்கள் இறங்கித் தள்ளினார்கள். பருப்பு முடிச்சும் சின்ன வெண்கலச் சட்டியும் அம்மாவின் மடியில் இருந்தன. எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது; வழியெல்லாம் அதை நாக்கால் நெம்பிக்கொண்டே வந்தேன்.

அந்த வீட்டைப் பார்த்ததும் பல்லை மறந்துவிட்டேன். உள்ளே நடுவில் வானம் தெரியும் தொட்டிக்கட்டு. சுற்றிலும் என் இரண்டு கைக்குள் அடங்காத மரத்தூண்கள். பத்து மூட்டை நெல் போட்டாலும் நடக்க இடம் இருக்கும் அறைகள். மேலே மெத்தை என்று சொல்லும் ஒரு மாடி அறை, அதில் தெருவைப் பார்த்த மூன்று சன்னல்கள். எங்கள் பங்காளிகள் யாரிடமும் இப்படி ஒரு வீடு கிடையாது. பெரியப்பாகூட அண்ணாந்து பார்த்தபடி, "ஏப்பா, ஊடு ஊடாத்தான் இருக்குது" என்றார்.

அம்மா வேலையைத் தொடங்கினாள். ஊற்றிய தண்ணீர் நேராகத் தொட்டிக்கு ஓடியது. கதவடைத்த இருட்டில் மூன்றே இடத்தில் வெயில். சுவர் கணீரென்றது. நிலைக்கால் வெறும் மரமாக மணத்தது. பாய் மூலையில் நின்று, இப்படியொரு சோதனையை இதுவரை பார்க்காதவராக வியர்வையைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. யாரும் கேட்காமலே அவரிடம், "எங்கம்மா சொன்னா தப்பவே தப்பாதுங்க" என்று சொல்லி வைத்தேன்.

"எல்லாஞ் செரி அம்மிணி" என்றார் பெரியப்பா. "பருப்பு வேகோணும். உன்ற நாக்க நம்பித்தான் வந்துருக்கறோம். வேகலீன்னா இப்பிடியே பஸ்ஸேற வேண்டியதுதான்."

கொல்லையில் கிணற்றோரம் மூன்று கல்லைக் கூட்டி அம்மா அடுப்பு மூட்டினாள். பாய் வீட்டம்மா விறகு கொண்டுவந்து போட்டுவிட்டுக் கூடவே குந்திக்கொண்டார். ஆண்கள் முன்கட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மெத்தைக்கு ஓடி மூன்று சன்னலிலும் எட்டிப் பார்த்தேன். எந்தச் சன்னலோரம் என் புத்தகங்களை வைப்பது என்று முடிவு செய்தேன். இறங்கி வந்தேன், மறுபடி ஓடினேன். இப்படி நாலைந்து நடை ஆனது. பருப்பு இன்னும் கொதித்துக்கொண்டே இருந்தது.

கடைசி முறை இறங்கி வந்தபோது பாய் வீட்டம்மா அம்மாவின் காதோடு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். கை தெருக்கோடிப் பக்கம் காட்டியது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். பிறகு அம்மா ஏதோ சொல்ல, அந்த வீட்டம்மா திரும்பி என்னையே வெகுநேரம் பார்த்தார். என் பாவாடையில் கரி பட்டிருப்பதைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துத் தட்டிவிட்டுக்கொண்டேன்.

அம்மா கரண்டியில் பருப்பை எடுத்து ஊதி, நசுக்கி, வாயில் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். எனக்கும் இரண்டு பருப்பு கொடுத்தாள். கடித்தேன். கடுக்கென்றது.

"வேகலையேம்மா" என்றேன்.

"உன்ற பல்லு ஆடுது கண்ணு. ஆடற பல்லுக்கு எல்லாமே கல்லாட்டந்தான் இருக்கும்" என்றாள் அம்மா.

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. காலையில் இட்டிலிகூட வலித்ததே.

பெரியப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா சட்டியைக் கவிழ்த்து எல்லாப் பருப்பையும் கோழிகளுக்குக் கொட்டினாள். பெரியப்பா வந்து, "என்ன அம்மிணி?" என்றார்.

"வெண்ணையாட்டம் வெந்துருச்சுங்க" என்றாள் அம்மா.

பெரியப்பா கொஞ்சநேரம் கிணற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொன்னதுக்கு மேல எனக்கென்ன பேச்சு. வாங்கிருங்க" என்றார். பாய் வீட்டம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வீடு விற்ற சந்தோஷம் என்று நினைத்தேன். நான் துள்ளிய துள்ளலில் அன்றைக்கே அந்தப் பல் விழுந்துவிட்டது.

குடிபோன அன்று சொந்தபந்தம் எல்லாம் இரண்டு வண்டி கட்டி வந்தது. சமையல்காரர் எங்கள் புது வீட்டுக் கிணற்றில் தண்ணீர் சேந்திச் சாம்பாருக்குப் பருப்பைப் போட்டார். விடியற்காலையில் போட்ட பருப்பு பந்தி நேரத்தில் அப்படியே விறைத்துக்கொண்டு நின்றது. இலையில் உட்கார்ந்த பெரியப்பா ஒரு வாய் மென்றார். மறு வாய் மென்றார். "ஊருக்கெல்லாம் சரியாச் சொன்ன நாக்கு, நம்மூட்டுக்கு மட்டும் இப்பிடித் தப்பிப்போச்சே!" என்றார். பந்தியே சிரித்தது. ராசிபுரத்துச் சித்தப்பா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"வயசாகுதில்லீங்களா" என்றாள் அம்மா. அப்போது அவளுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவைத் தேடி எந்த வண்டியும் வரவில்லை. அம்மா தினமும் காலையில் தெருக்கோடிப் பொதுக்கிணற்றுக்குப் போய் இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து சமைத்தாள். மழையிலும் போனாள், காய்ச்சலிலும் போனாள். எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வீடு பார்த்தவள், சொந்த வீட்டுக்கு இன்னும் ஒரு தரம் நன்றாக மென்று பார்த்திருக்கக் கூடாதா?

இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் வகுப்பில் டீச்சர் கடின ஜலத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். அதில் உப்புக்கள் கரைந்திருக்கும், சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது என்றார். எனக்கு உட்கார முடியவில்லை. மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடினேன். அடுப்படியில் அம்மாவை உட்காரவைத்து, எந்தெந்த உப்பு, எதனால் வேகாது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். இதெல்லாம் படித்திருந்தால் அன்றைக்கு ஏமாந்திருக்க மாட்டாயே என்றும் சொன்னேன்.

அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். ஊற்றிய தண்ணீர் எங்கும் தேங்காமல் ஓடினால் அவள் முகத்தில் ஒரு திருப்தி வருமே, அது வந்தது. "அப்பிடிங்களா டீச்சர்" என்றாள். பிறகு என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "அன்னிக்கு விழுந்த பல்லு நல்லா மொளச்சிருச்சா? வாயத் தொற, பாக்கலாம்" என்றாள்.

நான் எவ்வளவு பெரிய விஷயம் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அம்மா பல்லைப் பற்றிக் கேட்கிறாளே என்று எனக்குச் சலிப்பாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறந்து காட்டினேன்.