சந்தனம் படிந்த மைக்ரோமீட்டர்

அவன் விசிலடித்துக்கொண்டே வேலை செய்வான். முதலில் எனக்குப் பிடிக்காமற்போனது அதுதான். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில், வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்றின் தரப் பரிசோதனை அறையில் நாங்கள் இருவர். ஒரே வயது, ஒரே டிப்ளமோ. நான் தென்மாவட்டத்திலிருந்து வந்து ஆவடியில் வாடகைக்குக் குடியிருந்தேன், அவன் பாரிவாக்கத்துக்காரன். கணினியோடு இணைந்த அளவைப் பொறி ஒன்று வரப்போவதாகவும், வந்தபின் அறையில் ஒருவருக்கே இடம் என்றும் மேலாளர் சொல்லியிருந்தார். என் மனைவி கருவுற்றிருந்த காலம் அது. அந்த ஓரிடம் எனக்கு வேண்டும்.

ஆகவே ஞாயிறுதோறும் பயிற்சி வகுப்புக்குப் போனேன். அப்பொறியின் மென்பொருளைக் கற்றுச் சான்றிதழும் பெற்றேன். அவனோ ஞாயிறன்று செம்பரம்பாக்கம் ஏரிப்பக்கம் போய் மீன் வறுத்துத் தின்றுவிட்டு, மறுநாள் அக்கதையை அறையே மணக்கச் சொல்வான். ஆயினும் எவருக்கு ஐயம் எழுந்தாலும் என்னைக் கடந்து அவன் மேசைக்கே போனார்கள். அவன் செய்ததெல்லாம் பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிதில் எல்லோருக்கும் கற்பிப்பவை. தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரின் தாடைகளைத் துடைப்பான், வெறுமையாக மூடி ஜீரோ காட்டுகிறதா என்று பார்ப்பான், பிறகே அளப்பான். ஒருமுறைகூட இதைத் தவிர்த்து நான் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க என் வயிறு எரிந்தது. எனக்கும் தெரிந்ததுதானே அது! நமக்குத் தெரிந்த ஒன்றுக்காக இன்னொருவன் புகழப்படுவதைப்போல் பொறுக்க முடியாதது வேறில்லை.

ஆயுத பூசைக்குக் கருவிகள் அனைத்தையும் மேசையில் பரப்பிச் சந்தனமும் குங்குமமும் இட்டோம். விடுமுறை முடிந்து வந்த காலையில், என் மைக்ரோமீட்டரின் பொட்டைத் துணியால் அழித்துவிட்டு, அனுப்பக் காத்திருந்த எஃகுப் பின்களை அளந்தேன். எடுத்தவையெல்லாம் அளவுக்கு மேல் தடித்திருந்தன. அவனை முந்தி ஒரு பிழையைப் பிடித்துவிட்ட களிப்பில், பெட்டிகள் அனைத்திலும் சிவப்புச் சீட்டு ஒட்டி மேலாளரையே அழைத்துவிட்டேன். வாயிலில் லாரி காத்து நின்றது.

அவன் என் கருவியை வாங்கி வெறுமையாக மூடினான். ஜீரோ காட்டவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றைத் தாடைகளுக்கிடையே வைத்து இழுத்தான். தாளில் மஞ்சள் கோடு விழுந்தது.

“இன்னா மாமே, சாமிக்கு வெச்ச சந்தனத்தையும் சேத்து அளந்துகினு கீறியா?”

மேலாளர் வாய்விட்டுச் சிரித்தார்.

“சிரிக்காத சார். பெரிய மிசினு படிச்ச ஆளு, இத்துனூண்டு சாமானு அவன் கண்ணுக்குத் தெரியுமா?”

பெட்டிகள் போயின. மாத இறுதியில் நானும் போனேன். சான்றிதழை நினைவூட்டியபோது மேலாளர் சொன்னார்: “மிசின அவனுக்கு ஒரே வாரத்துல சொல்லிக் குடுத்துடலாம்பா. துடைக்கிறத உனக்கு எத்தினி வாட்டி சொல்லிக் குடுக்கிறது?”

பூந்தமல்லியில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத்தில், அங்கிருந்த பெண் அதிகாரி என் சான்றிதழ்களை ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஒரு மைக்ரோமீட்டரையும் ஒரு பின்னையும் என் முன் நகர்த்தினார். நான் வெள்ளைத்தாள் கேட்டேன். துடைத்தேன், மூடினேன், ஜீரோ பார்த்தேன், அளந்தேன்.

“பேப்பர் கேட்ட மொத ஆளு நீங்கதான் சார். நாளைக்கே வந்துடுங்க” என்றார்.

மகள் பிறந்தாள். இங்கும் புதிய பொறிகள் வந்தன, ஆட்கள் குறைந்தார்கள், என்னை எவரும் அசைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முறை தாளை இழுக்கும்போதும் என் காதில் விழுவது அவனுடைய விசில். என் பிழைப்பைக் காப்பது அவனுடைய கைப்பழக்கம் என்பதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

பழைய தோழர் ஒருவரைச் சென்ற மாதம் ஆவடி நிலையத்தில் கண்டேன். அவன் அதே மேசையில்தான் இருக்கிறானாம். இத்தனை ஆயுத பூசைகளில் ஒருமுறையாவது அவன் தாளில் மஞ்சள் கோடு விழுந்ததா என்று கேட்டேன்.

இல்லையாம்.