கல்மண்டபத்துக்கு நேரே நின்ற இன்ஜின்

செய்தி வந்தபோது நான் காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோயிருந்தேன். காலை ஏழு மணி. ஆற்றங்கரை வாழைத்தோட்டத்துக் காவலர் போனில் கூப்பிட்டார்.

"உங்க சங்கரபாண்டி அண்ணாச்சி படகு கல்மண்டபத்துக்கு நேரே நிக்கி. அவுக உள்ளதான் இருக்காக. கூப்பிட்டுப் பாத்தேன், திரும்பல."

"கட்டிப் போட்டிருக்கா?"

"கயிறே இல்ல. தண்ணி ஓடுது, படகு நிக்கி."

மீன் பிடிக்கிறவரின் தெர்மோகோல் மிதவையில் படுத்துக் கையால் துழாவிக்கொண்டு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அண்ணாச்சி பின்பக்கம், இன்ஜினுக்கு அருகில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் ஸ்பேனர். கூப்பிட்டால் "என்னவே" என்பார்கள் போல முகம். இதயம் நின்றுவிட்டது என்று பிறகு டாக்டர் சொன்னார். திறந்திருந்த அவர்கள் கண்களை என் கையால் மூடும் முன் நான் ஒன்றைப் பார்த்தேன். பெட்ரோல் டேங்க் மூடியில் இருக்கும் சிறிய திருகு இறுக முடுக்கியிருந்தது. அந்தத் திருகைப் பற்றி எழுதுவதாக அண்ணாச்சிக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அவர்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் தகரக் கொட்டகை போட்டு நாற்பது வருடம் பம்புசெட்டு பழுது பார்த்தவர்கள். பாபநாசத்தில் இருந்து கடல் வரை அவர்கள் கை படாத மோட்டார் கிடையாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பள்ளிக்கூடத்துக்கு அது நஷ்டம். இங்கிலீஷில் வந்த இன்ஜின் புத்தகங்களைப் படத்தைப் பார்த்தே அண்ணாச்சிக்கு விளக்கியவன் நான்தான். "நீரு சொல்லுததுல பாதி பொய்வே," என்பார்கள். "மீதிப் பாதிக்காகத்தான் உம்ம பக்கத்துல வச்சிருக்கேன்."

அண்ணாச்சியின் மனைவி, எனக்கு மதினி, மத்தியானம் சோறு கொண்டுவருவார்கள். கொட்டகைக்குள் இரைச்சலில் குரல் கேட்காது. வளையல் கையால் தகரக் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார்கள். அண்ணாச்சி தலையைத் தூக்காமல் ஸ்பேனரால் இரும்பில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். வாரேன் என்று அர்த்தம். அதற்கப்புறமும் அரைமணி நேரம் ஆகும். "ஒங்க அண்ணாச்சிக்கு அந்த இரும்பு சோறு போடுமான்னு கேளுங்க செல்லையா," என்று மதினி என்னிடம் கேட்பார்கள். எனக்கும் சேர்த்துத்தான் சோறு வந்திருக்கும். அதனால் நான் யார் பக்கமும் பேசமாட்டேன்.

பிறகு அந்த மார்கழி வெள்ளம். எங்கள் தெருவில் நெஞ்சளவு தண்ணீர். கடற்கரையில் இருந்து சூசை என்பவர் லாரியில் தன் மோட்டார் படகை ஏற்றி வந்து ஆட்களைக் கரை சேர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது. ஐந்து பேர். நான் டேங்குக்குப் பக்கத்தில், மதினியின் துணி மூட்டையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சூசை ஒரு கிழவரைத் தூக்கி ஏற்றிக்கொண்டிருந்தார். மழை ஊற்றியது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்ற அண்ணாச்சி, டேங்க் மூடியில் திருகு தளர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். "பெட்ரோல்ல தண்ணி எறங்கிரும்," என்று முடுக்கிவிட்டார்கள். நான் பார்த்தேன்.

"நீ போ. நான் அடுத்த நடையில வாரேன்," என்றார்கள் மதினியிடம். மதினி படகின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்கள். அண்ணாச்சி விரல் முட்டியால் ஒரு தட்டு.

மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போக வெள்ளத்தை எதிர்த்து ஏறினோம். ஆற்றுக்குள் இருக்கும் கல்மண்டபத்துக்கு நேரே இன்ஜின் நின்றது. படகு தூணில் மோதிக் கவிழ்ந்தது. நான்கு பேரைக் காப்பாற்றினேன் என்று மூன்று மாதம் ஊரில் சொல்லித் திரிந்தேன். உள்ளபடி, நான் ஒரு தூணைக் கட்டிக்கொண்டிருந்தேன். என்னைக் காப்பாற்றியது அந்தத் தூண். மற்றவர்களும் ஆளுக்கொரு தூணில் தப்பினார்கள். மதினி கிடைக்கவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

தண்ணீர் வடிந்தபின் படகு வாழைத்தோட்டத்தில் குப்புறக் கிடந்தது. சூசை வந்தார், பத்தடி தள்ளியே நின்றார். "ஆளக் காவு குடுத்த படகு அண்ணாச்சி. இத நான் கடலுக்குக் கொண்டுபோக மாட்டேன்," என்றார்.

"எனக்கு வேணும்," என்றார்கள் அண்ணாச்சி. "அது ஏன் நின்னுதுன்னு எனக்குத் தெரியணும்."

ஓடுகிற இன்ஜின் எதுவும் காரணமில்லாமல் நிற்காது என்று வாழ்ந்த மனிதர். மனைவிக்குத் திதி எந்த நாளில் கொடுப்பது என்று கேட்டவர்களிடம்கூட, "மொதல்ல இன்ஜின் பேசட்டும்," என்றார்கள். படகின் விரிசலுக்கு ஃபைபர் துணி வைத்துப் பூசினோம். இன்ஜினைத் திறந்தால் ஒரு கூடை வண்டல். பிளக், கார்புரேட்டர், தண்ணீர் இறைக்கும் ரப்பர் இறக்கை எல்லாம் கழற்றிக் கழுவிப் பூட்டினோம். பெரிய தண்ணீர் டிரம்மில் இன்ஜினை நிறுத்தி, மேலே ஒரு திறந்த தகர டின்னில் பெட்ரோலைத் தொங்கவிட்டு ஓட்டினார்கள். ஒரு மணி நேரம் ஓடியது. கோளாறே இல்லை.

ஆற்றில் இறக்கினோம். டேங்க் நிறையப் பெட்ரோல். படித்துறையில் இருந்து கிளம்பியது, கல்மண்டபத்துக்கு நேரே நின்றது. பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து பார்த்து மூடிவிட்டு, ஸ்டார்ட் கயிற்றை இழுத்தால், ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. மறுநாளும் அங்கேயே நின்றது. அதற்கு மறுநாளும். மண்டபத்தின் மேல் வரிசையாக இருக்கும் நீர்க்காகங்கள் இன்ஜின் சத்தத்துக்குப் பறக்கவில்லை. நின்றபோதுதான் எல்லாம் ஒன்றாகத் தலையைத் திருப்பின.

ஐந்தாவது நாள் அண்ணாச்சி பெட்ரோல் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் உருண்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். சப்பிப் போட்ட மாங்கொட்டை போல ஒட்டிக் கிடந்தது. மெதுவாக டேங்க் மூடியின் திருகைத் தளர்த்தினார்கள். வெகுநேரம் மூச்சை அடக்கியிருந்த ஆள் மூச்சு இழுப்பது போல டேங்க் காற்றை இழுத்தது.

அண்ணாச்சி தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காத்து போகத்தான் இந்தத் திருகு. மூடுனா பத்து நிமிசத்துல பெட்ரோல் வராது. நம்ம பம்புசெட்டு டேங்குல இது கெடையாதுவே. தளந்தத முடுக்கியே பழகுன கை. இந்த அஞ்சு நாளும் நான்தான் முடுக்கியிருக்கேன்." பிறகு கேட்டார்கள். "அன்னைக்கு முடுக்குனது யாரு?"

அவர்களுக்குத் தெரியும். தெரியாதது போல ஒரு பதிலுக்காக என்னைப் பார்த்தார்கள். ஆயுளில் ஆயிரம் பொய் சொன்ன வாய்க்கு அது ஒன்றும் கனமில்லை.

"நான்தான் அண்ணாச்சி. டேங்குக்குப் பக்கத்துல நான்தான இருந்தேன்."

"ரெண்டு கையிலயும் அவ மூட்டைய வச்சிருந்தீரு. வாயாலயா முடுக்குனீரு?"

நான் அந்த ரப்பர் உருண்டையை அமுக்கிப் பார்த்தேன்.

"இருக்கட்டும். இந்தப் பொய்ய கொஞ்ச நாளைக்கு நான் வச்சுக்கிடுதேன். என் காலத்துக்குப் பெறகு உள்ளத உள்ளபடி எழுதிரும். உமக்குச் சிரமந்தான்." பிறகு மண்டபத்தைப் பார்த்தார்கள். "வெள்ளத்த எதுத்து ஏறுன வேகம் வேற, இப்பம் போற வேகம் வேற. பத்து நிமிசத்துக்கு அன்னைக்கு ஒரு எடம், இன்னைக்கு ஒரு எடம் வரணும். நின்ன நேரத்துக்குக் காரணம் கெடச்சிட்டுவே. எடத்துக்குக் கெடைக்கல."

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் படகை எடுத்தார்கள். திருகைத் தெரிந்தே முடுக்கிவிட்டுப் போனார்கள். ஒரு நாள் கூடப் போனேன். "சுவிச்ச அமுக்கி நிறுத்தலாமே அண்ணாச்சி," என்றேன்.

"நான் நிறுத்துனா அது நான் நிறுத்துனது. தானா நிக்கணும். பைய இரும்."

நின்றது. ஆறு ஓடியது, படகு நகரவில்லை. படகின் அடியில், என் கால் இருந்த இடத்துக்குக் கீழே, இரண்டு தட்டு. ஊரில் நான் ஏழு என்று சொன்னேன். இரண்டுதான். அண்ணாச்சி ஸ்பேனரால் இன்ஜினில் ஒரு தட்டுத் தட்டினார்கள். பிறகு டேங்க் மூடியைத் திறந்து மூடினார்கள், கயிற்றை இழுத்தார்கள், வீட்டுக்கு வந்தோம். வழியில் வாழைக்காய் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்கள். நான் ஒரு வாரம் ஆற்றுப் பக்கம் போகவில்லை.

எனவே உள்ளது இதுதான். அன்று திருகை முடுக்கியவர்கள் சங்கரபாண்டி அண்ணாச்சி. ஆட்களைக் காப்பாற்றத்தான் முடுக்கினார்கள். நான் முடுக்கினேன் என்று என் வாயாலேயே கேட்டவர்கள் மனதில் இருந்து அதை அழித்துவிடுங்கள்.

அஸ்தியைக் கரைக்க அந்தப் படகில்தான் போனோம். ஓட்டியவன் நான். கிளம்பும்போது படித்துறையில் எல்லோரும் பார்க்க, திருகைப் பிடித்து என் கையால் முடுக்கினேன். அந்தப் பொய்யில் கொஞ்சத்தையாவது மெய்யாக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

மண்டபத்துக்கு நேரே இன்ஜின் நின்றது. சாம்பலைத் தண்ணீரில் விட்டோம். அது ஓட்டத்தோடு போகவில்லை; படகைச் சுற்றியே கொஞ்ச நேரம் நின்று, பிறகு நேராகக் கீழே இறங்கியது. அடியில் இரண்டு தட்டு. ஸ்பேனர் என் காலடியில் கிடந்தது. எடுக்கலாமா என்று யோசித்தேன், எடுக்கவில்லை.

சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள் இருந்து, இரும்பில் பட்டது போல ஒரு தட்டு.

இதில் நான் எதையும் சேர்க்கவில்லை. போய் வாருங்கள் அண்ணாச்சி. இந்தத் தடவை அரைமணி நேரம் ஆக்காதீர்கள்.