பெயர் சொல்லிக் கூப்பிட்டும் வராத பிள்ளை

எண்பதுகளின் தொடக்கத்தில், பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். இலங்கையிலிருந்து தோட்டத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சோடு குடும்பம் குடும்பமாக வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம் அது. அடிக்கடி வகுப்பில் ஒரு புது முகம் வந்து உட்காரும். அப்படி ஐந்தாம் வகுப்பில் வந்து சேர்ந்தவள்தான் அந்தச் சிறுமி.

அன்றைக்கு உலகப் போர் பாடம். யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்று வாசித்தால் எனக்கே கொட்டாவி வரும். பிள்ளைகளைச் சொல்லி என்ன? என் சித்தப்பா பர்மா சண்டைக்குப் போய் வந்தவர். புத்தகத்தை மூடிவிட்டு அவர் கதையைச் சொன்னேன். மழைத்தண்ணீரில் பதுங்குகுழிக்குள் நின்று நின்று சிப்பாய்களின் கால் விரல்கள் புண்ணாகிவிடுமாம். கல் மாதிரி பிஸ்கட்டை டீயில் ஊறப்போட்டுத்தான் கடிக்க முடியுமாம். சண்டை இல்லாத நேரத்தில் உட்கார்ந்து பேன் பார்ப்பார்களாம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. "டீச்சர், நாமளும் குழிக்குள்ள இருந்து பாக்கலாங்க டீச்சர்" என்று ஒரே பிடிவாதம். எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

பள்ளிக்குப் பின்னால் தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கான்கள் இருந்தன. அதுதான் எங்கள் பதுங்குகுழி. முதல் விசிலுக்கு ஒளிய வேண்டும், அடுத்த விசிலுக்கு ஓடி வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

அடுத்த விசிலுக்கு எல்லோரும் மண்ணும் சிரிப்புமாக ஓடி வந்தார்கள். அந்தப் புதுப் பிள்ளை மட்டும் வரவில்லை.

"போதும், வா கண்ணு" என்று கூப்பிட்டேன். மறுபடி விசில் ஊதினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதிலே இல்லை. அதற்குள் மூடுபனி இறங்கி நாலாவது செடி கண்ணுக்குத் தெரியாமல் போனது. அந்த வாரம்தான் பக்கத்து எஸ்டேட்டில் சிறுத்தை ஒரு நாயைத் தூக்கிப் போயிருந்தது. கீழே ஓடையில் வேறு தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது.

ஹெட்மாஸ்டர் மற்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வந்தார். "ஏனுங்க டீச்சர், இதெல்லாம் நமக்குத் தேவைங்களா?" என்றார். கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடையை இறக்கிவிட்டு ஓடி வந்தார்கள். மலை முழுக்க அவள் பெயர்தான் கேட்டது. ஓடைப் பக்கம் போனவர்கள் என்ன சொல்லிக்கொண்டு வருவார்களோ என்று அந்தத் திசையைப் பார்க்கவே பயந்தேன்.

அவளுடைய அம்மா மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்தார்.

"டீச்சர், எல்லாரையும் வாய மூடச் சொல்லுங்க. பேரு சொல்லிக் கூப்பிட்டா அவ செத்தாலும் வர மாட்டா."

அந்த அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அங்க கலவரத்தப்ப நாங்க தேயிலைக்குள்ளதான் ஒளிஞ்சு கெடந்தோம். அடிக்க வந்தவனுங்க எல்லாம் தெரிஞ்சவனுங்க. பேரச் சொல்லித்தான் கூப்பிட்டானுங்க. நம்பி எந்திரிச்சுப் போனவங்க திரும்பி வரல. யாரு கூப்பிட்டாலும் அசையாத, நான் ரொட்டி தட்டுற சத்தம் கேட்டா மட்டும் வான்னு சொல்லி வச்சிருந்தேன்."

கத்திக்கொண்டிருந்தவர்களை ஹெட்மாஸ்டர் கையமர்த்தினார். அந்த அம்மா ஈர மண்ணில் உட்கார்ந்து, ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாவை மாற்றித் தட்டுவது போல, வெறும் உள்ளங்கைகளைத் தட்ட ஆரம்பித்தார். பட், பட் என்று அது மட்டும் கேட்டது. ஒன்றும் அசையவில்லை. எழுந்து அடுத்த வரிசைக்குப் போய் மறுபடி தட்டினார். அப்போதும் இல்லை. எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுவிட்டேன்.

மூன்றாவது வரிசையில், என் காலடியிலேயே, கவாத்து வெட்டிப் போட்ட மிலாறுக் குச்சிகள் மெல்ல அசைந்தன. அந்த இடத்தில் நின்று நான் எத்தனை முறை அவள் பெயரைக் கத்தியிருப்பேன்! கானுக்குள் குப்புறப் படுத்து, குச்சிகளை மேலே இழுத்துப் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் சேறு. கன்னத்தில் அட்டை கடித்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதைக்கூடத் தட்டிவிடாமல் கிடந்திருக்கிறாள்.

அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தாள். அவளோடு ஒளிந்த பிள்ளைகள் ஒருவரும் அங்கே இல்லை. என்னைப் பார்த்து ரகசியமாகக் கேட்டாள்.

"விசிலுக்கு எந்திரிச்சுப் போனவங்கள எல்லாம் கொண்டு போயிட்டாங்களா டீச்சர்?"

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஹெட்மாஸ்டர்தான் ஆளனுப்பி, வீட்டுக்குப் போன பிள்ளைகளில் நாலைந்து பேரைத் திரும்பக் கூட்டி வரச் சொன்னார். அவர்களை ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்த பிறகுதான் அவள் அம்மாவின் கழுத்திலிருந்து கையை எடுத்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருடங்களாகிவிட்டன. இன்றைக்கும் ஒரு குழந்தை சத்தமே இல்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தால், சமத்து என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. இந்தப் பிள்ளைக்கு இதை எது கற்றுக்கொடுத்ததோ என்ற பயம்தான் முதலில் வருகிறது.