சக்கரம் இல்லாத கம்ப்யூட்டர்

"பெரிசா வாங்கிட்டா கவலை இல்ல. சின்னதா வாங்கினா ஆயுசுக்கும் வருத்தம்லா."

பட்டர்வொர்த் ஃபெர்ரியில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா இன்னோர் அம்மாவிடம் சொன்னது இது. அவர்கள் பேசிக்கொண்டிருந்தது குளிர்பெட்டியைப் பற்றி. ஆனால் கம்ப்யூட்டர் விற்கிற தொழிலும் இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் நிற்கிறது. தொண்ணூறுகளின் பின்பாதியில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் நான் அந்தத் தொழிலில் இருந்தேன். கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்திருந்தேன். முன்பின் தெரியாதவர்களிடம் பேசத்தான் படித்திருக்கவில்லை. கவுண்டருக்குப் பின்னால் நின்று, வாய்வரை வந்த பதிலை விழுங்கிப் பழகிய எல்லோருக்கும் இது புரியும்.

தூக்கிப் பார்ப்பவர்கள்

எங்கள் கடையில் இரண்டு வகை உயர்ரகப் பெட்டிகள் இருந்தன. ஒன்று சர்வர்: ஆபீஸில் பலர் ஒரே நேரத்தில் கேட்பதையெல்லாம் எடுத்துக் கொடுக்கிற கம்ப்யூட்டர். மற்றது வொர்க்ஸ்டேஷன்: ஒரே ஆள் உட்கார்ந்து கனமான வேலை செய்வதற்கானது. இரண்டுக்கும் மூளை, அதாவது பிராசசர், வேறு வேறு. இதை விளக்கிச் சொல்ல வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழகி வைத்திருந்தேன்.

யாரும் கேட்கவில்லை. எல்லோரும் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்கள். சுங்கை பாக்காப்பிலிருந்து வந்த அச்சகக்காரர் ஒருவர், பாசாரில் பூசணிக்காய் பார்ப்பதுபோல, முதலில் சர்வரைத் தூக்கினார். முடியவில்லை, திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு வொர்க்ஸ்டேஷனைத் தூக்கினார். அது சுலபமாக மேலே வந்துவிட்டது. அவர் முகம் சுருங்கியது. நான் பிராசசரின் வேகத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் பெட்டியைப் பக்கவாட்டில் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "உள்ள எல்லாச் சாமானும் போட்டுட்டீங்களா, தங்கச்சி?"

எலுமிச்சம்பழம்

சர்வர் பெட்டிக்கு அடியில், நகர்த்துவதற்கு வசதியாக நாலு சின்னச் சக்கரங்கள் உண்டு. சக்கரத்தைக் கண்டால் நம் ஆட்கள் சும்மா விடுவார்களா? ட்யூஷன் நிலையம் நடத்திய மாஸ்டர் ஒருவர் தன் சர்வரை எடுத்துப்போக வந்தபோது, அவர் மனைவியின் பையிலிருந்து எலுமிச்சம்பழங்கள் வெளியே வந்தன. புதுக் கெரேத்தாவுக்கு, அதாவது காருக்கு, செய்வது போலவே விபூதி, குங்குமம், சக்கரத்துக்கு ஒரு பழம். கடை டெக்னீஷியன் மோகன் அண்ணன் பெட்டியை மெல்ல உருட்டினார். மூன்று பழம் நசுங்கியது. நாலாவது வழுக்கிக்கொண்டு பிரிண்டர் அடுக்குக்குள் ஓடிவிட்டது. மாஸ்டரின் முகம் வாடிப்போனது. மோகன் அண்ணன் தரையில் படுத்து, துழாவி எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி உருட்டினார்.

எங்கள் முதலாளி ஒரு சீனர்; தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவர், மாஸ்டர் போனதும் சொன்னார்: "மிஸ், சர்வர் விக்கிற அன்னைக்கு லைம் ஜூஸ் வெளிய வாங்க வேணாம்லா."

கிரேனும் கண்ணும்

விமலா அக்கா எங்கள் கடைக்கு வந்தபோது கார்த்திகை முடிந்திருந்தது. ஓர் ஆர்க்கிடெக்ட் ஆபீஸில் பிளான் வரைந்துகொண்டிருந்தவர். அதை விட்டுவிட்டு, சுங்கை பினாங்கில் தன் வீட்டு அறையிலேயே சொந்தமாகத் தொடங்கியிருந்தார். பத்து காவான் என்கிற ஊர்ப்பக்கம் எஸ்டேட் நிலத்தில் வரப்போகும் வரிசை வீடுகளைக் கம்ப்யூட்டரில் கட்டி, படமாக்கித் தரும்படி வேறோர் ஆர்க்கிடெக்ட் கேட்டிருந்தார். தைப்பூசத்துக்குள் கொடுத்து, அவருக்குப் பிடித்துவிட்டால் தொடர்ந்து வேலை வரும். இல்லாவிட்டால் பழைய ஆபீஸ்தான். அந்த முதலாளி, "தைப்பூசம் வரைக்கும் உன் மேசையில யாரையும் உக்கார வைக்கமாட்டேன், எப்படியும் வருவே" என்று சிரித்துக்கொண்டே அனுப்பியிருந்தாராம். அந்தச் சிரிப்பைச் சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கியது.

கூட வந்தவர் அவருடைய அண்ணன் சேகர், துறைமுகத்தில் கிளார்க். நாளெல்லாம் கிரேனைப் பார்க்கிறவர். வாசலிலேயே நின்ற ஒரு சர்வர் அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஒரு தொழிற்சாலை கேட்டு வரவழைத்து, பிறகு வேண்டாமென்று சொல்லிவிட்ட பெட்டி. உள்ளே இரண்டு பிராசசர். அதை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்பது தவுக்கேயின் அன்றாடப் பிரார்த்தனை. அவர் ஓடிவந்து சேகர் அண்ணனுக்கு நாற்காலி போட்டார். அக்காவுக்கு வொர்க்ஸ்டேஷன்தான் பொருந்தும் என்று நான் மெல்லச் சொன்னேன். அதற்குள் எத்தனை பிராசசர் என்று கேட்டார் அண்ணன். ஒன்று என்றேன். "ரெண்டு கண்ணு உள்ள பொண்ணு பக்கத்துல நிக்கும்போது, ஒத்தைக் கண்ணு போதும்னு எவனாச்சும் சொல்வானா?" என்றார்.

நாசி கண்டார் கடை

மறுநாளும் இருவரும் வந்தார்கள். எனக்கு ராத்திரி ஒரு நல்ல உவமை கிடைத்திருந்தது. "அண்ணே, நாசி கண்டார் சோத்துக்கடைக் கவுண்டர் மாதிரி சர்வர். வரிசையில நிக்கிற அத்தனை பேருக்கும் கொஞ்சம் கொஞ்சமா அள்ளி வைக்கணும், யாரையும் விட்டுடக்கூடாது. அதுக்குன்னு செஞ்ச பிராசசர் அது. அக்கா ஒரே ஆள். ஒரே வேலை. அதுக்கு வேகமா ஓடுற ஒண்ணு போதும்." என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் ஓர் அந்நியரிடம் பேசியதில்லை. காதெல்லாம் சுட்டது.

சேகர் அண்ணன் கேலி செய்யவில்லை. கவனமாகக் கேட்டார், யோசித்தார். "அப்ப, கூட்டமே இல்லாத நேரத்துல எந்தங்கச்சி மட்டும் அந்தக் கவுண்டர்ல போய் நின்னா, சோறு இன்னும் சீக்கிரம் கிடைக்கணுமா, கிடைக்கக்கூடாதா?"

இரண்டு மேசை

கவுண்டரைப் பார்த்துக் குனிந்தபோதுதான் விமலா அக்காவின் கைப்பையில் டிஸ்க் இருப்பதைப் பார்த்தேன். பத்து காவான் வீடுகள் அதில் பாதிக் கட்டி முடிந்திருந்தன. கடையில் யாரும் அதுவரை செய்யாத ஒன்றைக் கேட்டேன்: "அக்கா, ரெண்டுலயும் நீங்களே வரைஞ்சு பாக்குறீங்களா?" தவுக்கே என்னைப் பார்த்தார். மோகன் அண்ணன் அவர் வாய் திறப்பதற்குள் இரண்டு மேசையை இழுத்துப் போட்டுவிட்டார்.

சர்வரில் அக்கா வீட்டைத் திருப்பியதும், அது கொடிமலை ஏறுகிற ரயில்போல நின்று நின்று திரும்பியது. படத்தை வேகமாகத் திரையில் காட்டுகிற நல்ல கிராபிக்ஸ் கார்டு செருகுவதற்கு அந்தப் பெட்டியில் இடமே கிடையாது. பிராசசர்களும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் நிதானம்தான். வொர்க்ஸ்டேஷனில் அதே வீடு அவர் கைக்கு முன்னால் ஓடியது. எனக்குள் சந்தோஷம் பொங்கியது. அப்போது சேகர் அண்ணன், "முழுப் படத்தையும் எடுக்கச் சொல்லு" என்றார். வெயில், நிழல், சுவரின் நிறம் எல்லாம் சேர்த்துக் கம்ப்யூட்டரே தீட்டுகிற கடைசி வேலை அது. இரண்டையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டோம். சர்வர் தன் இரண்டு பிராசசரையும் கூட்டிக்கொண்டு, நாங்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் படத்தைக் காட்டியது. வொர்க்ஸ்டேஷன் அப்போதுதான் கூரைக்கு நிறம் பூசிக்கொண்டிருந்தது.

சேகர் அண்ணன் சர்வரின் தலையைத் தடவிக் கொடுத்தார். தவுக்கே பில் புத்தகத்தைத் தேடினார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு, என்னையறியாமல் கேட்டுவிட்டேன்: "அக்கா, ஒரு நாள்ல நீங்க எவ்வளவு நேரம் வரைவீங்க? எவ்வளவு நேரம் படம் எடுப்பீங்க?"

அக்கா திரும்பவும் வொர்க்ஸ்டேஷன் முன்னால் உட்கார்ந்து ஒரு ஜன்னலைக் கொஞ்சம் நகர்த்தினார். பார்த்தார், பிடிக்கவில்லை; மறுபடி நகர்த்தினார். பிறகு அண்ணனிடம் திரும்பினார்: "படம் வேகுறதுக்கு நான் தூங்குற நேரம் இருக்குண்ணே. கோடு போடுறதுக்கு நான் முழிச்சிருக்கிற நேரம்தான் இருக்கு."

விற்றவள்

வொர்க்ஸ்டேஷனுக்குப் பணம் கட்டிவிட்டு அவர்கள் போனதும் தவுக்கே என்னை உள்ளே கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்று நினைத்து, மேசை டிராயரில் இருந்த என் சீப்பை முன்னாலேயே எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் வாசலில் நின்ற சர்வரையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பிறகு ஆறேழு கிளார்க்குகள் உள்ள ஒரு ஷிப்பிங் ஆபீஸுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே அதற்கு வயிறு நிறைய வேலை. ஆனால் அன்று அவருக்கு அது தெரியாது. "அந்த ரெண்டு மேசைய எடுக்காத, மிஸ்," என்றார். "நாளைக்கு வர்றவனும் உக்காந்து பாக்கட்டும்லா."

ஐந்தாவது பழம்

வொர்க்ஸ்டேஷனை வீட்டில் கொண்டுபோய் வைத்த நாளில் சேகர் அண்ணன் பூஜை எதுவும் செய்யவில்லை. விபூதி வைக்கலாமே என்று மோகன் அண்ணன் கிண்டல் செய்தார். "சக்கரம் இல்லாத சாமானுக்கு என்னத்த பூஜை?" என்று சொல்லிவிட்டு அண்ணன் தினசரியை விரித்துக்கொண்டார். தங்கை மறுபடி அந்த ஆபீஸ் படி ஏற வேண்டி வந்தால், ஒத்தைக் கண் பெட்டியை வாங்கவிட்டது தானேதான் என்ற பயம் அவருக்கு. தினசரியில் ஒரு பக்கம்கூட அவர் திருப்பவில்லை.

தைப்பூசத்துக்கு முன்பே படம் போய்விட்டது. பிடித்ததா இல்லையா என்று எங்களுக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. தைப்பூசம் கழிந்த வாரம், மெமரி கூடுதலாகப் போட வரச்சொல்லி அக்கா கடைக்குப் போன் செய்தார். மோகன் அண்ணனுடன் நானும் போனேன். அந்த ஆர்க்கிடெக்ட் புதிதாக அனுப்பிய இரண்டு வரிசை வீடுகளின் பிளான் மேசையில் விரிந்திருந்தது. அக்கா பழைய ஆபீஸுக்குப் போன் செய்து, "என் மேசைய யாருக்காச்சும் குடுத்துடுங்க, சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரிதா சின்னதா என்று ஊரே கேட்கிற தொழிலில், உட்காரப்போவது யார் என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள் போலிருக்கிறது.

சேகர் அண்ணன் வேலை உடுப்போடு உள்ளே வந்தார். யாரையும் பார்க்காமல் குனிந்து, அக்காவின் நாற்காலிச் சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். நாலுதான் கொண்டு வந்திருந்தார்; நாற்காலிக்கு ஐந்து சக்கரம். எழுந்து சமையலறைக்குப் போய் இன்னொன்று எடுத்துவந்து, அதையும் வைத்துவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு தங்கையை உட்காரச் சொன்னார்.