கொக்கியில் மாட்டிய கயிறு

படகு ஓட்டக் கற்றுக்கொண்ட இரண்டு நாளும் நாங்கள் சிரித்துக்கொண்டேதான் இருந்தோம். அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். பொய் சொன்ன கதை பின்னால் வருகிறது, அதற்கு அவசரமில்லை.

எனக்குப் பழனிசெட்டிபட்டியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை இருக்கிறது. என் தங்கையின் வீட்டுக்காரர் வைகை அணையில் மீன் குத்தகை எடுத்தவரிடம் வேலை பார்த்தார். சாயங்காலம் பரிசலில் போய் வலை போடுவது, விடிந்ததும் போய் எடுப்பது. அவரை நான் மாப்ள என்பேன், அவர் என்னை மச்சான் என்பார். ஒரு சித்திரை மாதம் குத்தகைக்காரர் சின்ன ஃபைபர் படகு ஒன்றும், அதன் பின்னால் மாட்டுகிற இன்ஜின் ஒன்றும் வாங்கினார். ஓட்டுவதற்கு மாப்பிள்ளை, ரிப்பேர் பார்ப்பதற்கு நான் என்று பேச்சு. எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லித்தர ராமநாதபுரம் பக்கத்திலிருந்து, கடலில் படகு ஓட்டிப் பழகிய ஒருவரை வரவழைத்தார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

அவர் அழுத்திச் சொன்னது நாலே விஷயம். லைஃப் ஜாக்கெட் போடாமல் கரையை விட்டு நகரக் கூடாது. இன்ஜின் ஓடும்போது எழுந்து நிற்கக் கூடாது. அடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாத தண்ணீரில் மெதுவாகத்தான் போக வேண்டும். நாலாவது, அந்தச் சிவப்புக் கயிறு. அதன் ஒரு நுனி இன்ஜின் சுவிட்சில் கவ்வியிருக்கும், மறு நுனியை ஓட்டுகிறவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ள வேண்டும். ஆள் தவறி விழுந்தால் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும், இன்ஜின் அந்த நொடியே நின்றுவிடும்.

"விழுந்தவன விட்டுட்டுப் படகு அதுபாட்டுக்குப் போயிரும்னு நெனைக்காதீக. ஆள் இல்லாத படகு வட்டம் போட்டுக்கிட்டுத் திரும்ப அங்கனயே வரும்" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். மோட்டாரைப் பற்றி எனக்கு இன்னொருத்தர் சொல்லித்தருவதா என்கிற மிதப்பு எனக்கு எப்போதும் உண்டு.

சிரிப்புக்கெல்லாம் காரணம் அந்தக் கைப்பிடி. அதை இடது பக்கம் தள்ளினால் படகு வலது பக்கம் திரும்பும். மாப்பிள்ளைக்குத் தெரிந்த வண்டி அவருடைய மொபெட் ஒன்றுதான். மொபெட்டைத் திருப்புவது மாதிரியே திருப்பிவிட்டு, கரைக்கு வர வேண்டியவர் நடுத்தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"என்ன மாப்ள, ஆண்டிபட்டிக்குக் கெளம்பி வருசநாட்டுக்குப் போறீக?" என்று கரையிலிருந்து கத்தினேன்.

"ஒங்க தங்கச்சியக் கட்டுனதுல இருந்து எனக்கு எல்லாமே எதிர்ப்பக்கமாத்தேன் திரும்புது மச்சான்" என்று அங்கிருந்து பதில் வந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலத்துக்குள் அவர் என்னைவிட நன்றாக ஓட்டினார். எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. கற்றுக்கொடுத்தவர் அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார்.

அன்று ராத்திரி ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்குக் காப்புக் கட்டினார்கள். மகள் நர்சிங் முடித்ததற்கு மாப்பிள்ளை தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்திருந்தார். மறுநாள் காலை மஞ்சள் கோத்த காப்புக் கயிறு வலது கையில் பளிச்சென்று இருக்க, அணைக்கு வந்து ஜாக்கெட்டைப் போட்டார். படகில் உட்கார்ந்தார். சிவப்புக் கயிற்றை எடுத்து மணிக்கட்டில் மாட்டப் போனார்.

எங்கள் கோயிலில் காப்புக் கட்டியவர்கள் பொங்கல் முடிகிறவரை கையில் வாட்சுகூடக் கட்ட மாட்டார்கள். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"மாப்ள, காப்புக் கட்டுன கையில வேற கயிறு ஏறக் கூடாது. சாமிக் குத்தமாயிரும்."

"அப்ப இன்ஜின் ஓடாதே மச்சான்?"

"இந்த நுனி சுவிட்சுல இருந்தாப் போதும், ஓடும். கொண்டாங்க இங்கன."

மறு நுனியை இன்ஜின் பக்கத்தில் இருந்த கொக்கியில் இரண்டு சுற்றுச் சுற்றி நானே மாட்டினேன். "நீங்க சொன்னாச் சரி" என்றார். இடது கை சும்மாதான் இருந்தது. கால் இருந்தது, ஜாக்கெட்டில் வளையம் இருந்தது. எதிலாவது மாட்டியிருக்கலாம். இத்தனை வருஷம் மோட்டார் பிரித்துக் கட்டிய மூளைக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை.

சித்திரையில் அணைத் தண்ணீர் இறங்கியிருந்தது. எப்போதோ முழுகிப்போன மரத்தின் அடிக்கட்டை ஒன்று மேல்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே நின்றிருக்கிறது. படகு அதில் முட்டித் துள்ளியது, மாப்பிள்ளை தண்ணீரில் விழுந்தார். ஜாக்கெட் அவரை உடனே மேலே கொண்டுவந்தது. கரையில் நின்ற என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "குளிச்சது போதும், ஏறுங்க மாப்ள" என்று கத்தினேன். அப்போதுதான் படகைப் பார்த்தேன். ஆள் இல்லாமல், இன்ஜின் அலற, வட்டம் போட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் நீந்தி விலகப் பார்த்தார். ஜாக்கெட் மிதக்க விடுமே தவிர முங்க விடாது. முதல் வட்டத்தில் தப்பித்தார். இரண்டாவது வட்டத்தில் இல்லை.

பரிசல்காரர்கள் போய்த் தூக்கிவந்தார்கள். ஆஸ்பத்திரியில் அவர் கையிலிருந்த காப்பை அறுத்து என்னிடம்தான் கொடுத்தார்கள்.

போலீஸ் கேட்டபோது, "கயிற்றைக் கையில் மாட்டாமல் போய்விட்டார்" என்றேன். எழுதிக்கொண்டார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த ஒரு வரி ஊர் முழுக்கப் போனது. எதற்கும் அவசரப்படுகிற ஆள், சொல்பேச்சுக் கேட்காத ஆள் என்று இழவு வீட்டிலேயே பேசினார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தேன். துக்கத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

தங்கை அந்த வரியை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவள் அழுததைவிடத் திட்டியதுதான் அதிகம். மாலை போட்டு மாட்டிய படத்தை முப்பதாம் நாள் கழற்றி பீரோவின் மேலே வைத்துவிட்டாள். அவர் பேச்சை மகள் எடுத்தால்கூட எழுந்து போய்விடுவாள்.

நாலு மாதம் கழித்து, படகு சும்மா கிடந்து கெட்டுப்போகிறது, எடுத்து ஓட்டிப் பார் என்று குத்தகைக்காரர் சொன்னார். போனேன். ஜாக்கெட் போட்டு, உட்கார்ந்து, சிவப்புக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டினேன். கரையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும் கையை வேண்டுமென்றே வெடுக்கென்று இழுத்தேன். கயிறு உருவியது, இன்ஜின் நின்றது. ஒன்று என்று எண்ணக்கூட நேரமில்லை. கவ்வியைத் திரும்பப் பொருத்தி, இன்ஜினைக் கிளப்பி, மறுபடியும் இழுத்தேன். மறுபடியும் நின்றது. எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று தெரியாது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். ஆனாலும் தங்கையிடம் போய்ச் சொல்லவில்லை. எனக்கென்று மிச்சமிருந்த உறவு அவள் ஒருத்திதான், அவளும் போய்விட்டால் என்ன செய்வது என்கிற பயம்.

வருஷ திதி வந்தது. ஐயருக்குச் சொல்லலாமா என்று கேட்கப் போனேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கும்புட்டுத்தேன் ஆகணுமாண்ணே?" என்றாள். "ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தாக. ஒரு கயித்த மாட்டத் தெரியல அந்த மனுசனுக்கு. எங்கள ஒரு நிமிசம் நெனச்சிருந்தா மாட்டிருப்பாக. நெனைக்கல. நெனைக்காத மனுசனுக்கு எதுக்குத் தெவசம்?"

அவள் ஒரு வருஷமாகத் திட்டியது எதனால் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உட்காரவும் தோன்றாமல் நின்றபடியே சொன்னேன்.

"அவுக மாட்டத்தேன் போனாக. கயித்தக் கையில எடுத்துட்டாக. காப்புக் கட்டுன கைன்னு நாந்தேன் தடுத்தேன். நாந்தேன் கொக்கியில மாட்டுனேன்."

கீரையில் இருந்த அவள் கை நின்றது. "நீ வேணாம்னதும் அவுக என்ன சொன்னாக?" என்று கேட்டாள்.

"நீங்க சொன்னாச் சரின்னாக."

அடிப்பாள் என்று நினைத்தேன். வெளியே போ என்பாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, பீரோ மேலிருந்த படத்தை எடுத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"மாட்டத்தேன் போயிருக்கீக" என்றாள். "ஒரு வருசமா ஒங்களத் திட்டிட்டேனே. எங்கள நெனைக்கலன்னு சொல்லிட்டேனே. சொல்றதுக்கு ஆள் இருந்தும் ஒங்களுக்காக ஒரு வார்த்த சொல்லலியே."

அதை அவள் படத்திடம்தான் சொன்னாள். என் பக்கம் திரும்பவே இல்லை.